எண்ணெய் உறைந்த வாரம்

வாய் கொப்பளித்த தண்ணீர் சட்டையில் வழிந்தபோது தனசிங் முதலில் சொம்பைத்தான் சந்தேகப்பட்டான். சொம்பில் ஓட்டை ஒன்றும் இல்லை. இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தான். அதுவும் இடது கடைவாய் வழியாக, அவனைக் கேட்காமலேயே ஒழுகிப் போயிற்று. கிணற்றடித் தூணில் மாட்டியிருந்த சவரக் கண்ணாடியை விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தான். முகத்தின் இடது பாதி தொய்ந்து கிடந்தது. சிரித்தான்; வலது பக்கம் மட்டும் சிரித்தது. கண்களை இறுக்கி மூடினான். வலது கண் மூடிக்கொண்டது, இடது கண் திறந்தபடியே கண்ணாடியிலிருந்து அவனை வெறித்துப் பார்த்தது.

அறுபத்தெட்டாம் வருஷம், ஜனவரி பதினேழு, புதன்கிழமை, காலை ஐந்தே கால். நேரத்தில் தவறு இருக்காது, ஏனென்றால் நேரம் பார்த்து எழுதுவதுதான் அவன் பிழைப்பு. பீர்க்கன்கரணை ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு விதைப் பண்ணை இருந்தது. அதில் அவன் வானிலை அப்சர்வர். காலை ஏழு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் குளிரையும் வெயிலையும் காற்றையும் மழையையும் அளந்து அட்டையில் எழுத வேண்டும். பதினாலு வருஷமாக எழுதுகிறான். மேற்குத் தாம்பரத்தில் அவன் தெருக்காரர்கள் வானத்தைப் பார்த்து மிளகாய் காயப் போடுவதில்லை. அவனைக் கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள்.

"அக்கா!" என்று கூப்பிட்டான். "க்" சரியாக வந்தது. "எப்படியோ இருக்கு" என்று சொல்லப் போனான். "ப்" காற்றாகப் போய்விட்டது.

ரத்தினபாய் அவனுக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் இருபத்தெட்டு வருஷம் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஹாஸ்டலை விட்டு வந்துவிட்டாளே தவிர மேட்ரன் வேலையை விடவில்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்துத் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது.

"முகவாதம். பனிக்காத்து அடிச்சிருக்கு. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அந்த ஜன்னலைச் சாத்துங்க, சாத்துங்கன்னு. கேட்டாத்தானே?"

படுக்கையறை வாசலில் அவன் மனைவி ஞானசௌந்தரி நின்றுகொண்டிருந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

அந்த ஜன்னலின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சௌந்தரிக்குச் சிறுவயதிலிருந்தே இளைப்பு. மூடின அறையில் படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ ரம்பம் இழுக்கிற மாதிரி சத்தம் வரும். ஜன்னல் திறந்திருந்தால் தூங்குவாள். அதனால் கல்யாணமான பதினோரு வருஷமும் அந்த ஜன்னல் மார்கழியிலும் திறந்தே இருந்தது. நாத்தனாருக்கு அது பிடிக்காது. பனி உள்ளே வருகிறது, கொசு வருகிறது, திருடன் வருவான் என்று வரிசையாகக் காரணம் வைத்திருந்தாள். குழந்தை இல்லாத வீட்டில் சண்டைக்கு ஒரு ஜன்னலாவது வேண்டாமா? அவள் "சாத்து" என்பாள், இவள் "மதினி, கொஞ்சம் காத்து" என்பாள், நடுவில் தனசிங் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வான். ஜன்னல் ஓரம் படுப்பதும் அவன்தான். இப்போது ரத்தினபாயின் பக்கம் சாட்சி கிடைத்துவிட்டது. அதுவும் பாதி முகம் விழுந்த சாட்சி.

"ஜன்னலால இருக்காதுக்கா" என்றான் தனசிங், வாய் குழற. "அது மேற்குப் பார்த்த ஜன்னல். இப்ப அடிக்கிறது வாடை. வடக்கேயிருந்து..."

"அப்ப வேற எங்கடா பட்டுது உனக்கு? வீட்டுல படுத்துக்கிடந்தவனுக்கு?"

தனசிங் வாயை மூடிக்கொண்டான். சரியாகச் சொன்னால், பாதி வாயை மூடிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சௌந்தரி இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, அரிசிச் சாக்கு ஒன்றைப் பிரித்து நாலாக மடித்தாள். ஜன்னல் கதவைச் சாத்தி, அதன்மேல் சாக்கை வைத்து, அம்மிக் குழவியால் ஆணி அடித்தாள். எட்டு ஆணி. தனசிங் "வேண்டாம் சௌந்தரி" என்றான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசி ஆணியை அடித்துவிட்டுத் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"எனக்கு மூச்சு வேணும்னு உங்க முகத்தைக் கெடுத்துட்டேன்" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவனிடம் ஒரு மீன் காரணம் இருந்தது.

உண்மை இதுதான். டிசம்பர் மாதத் தொடக்கத்திலிருந்து தனசிங் காலையில் ஐந்தரைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பண்ணையில் வேலை கூடிவிட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தான். பண்ணையில் ஒரு வேலையும் கூடவில்லை. ஏரிக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பெண்களும் ஒரு ஜன்னலும் இல்லாத ஒரு மணி நேரம் அவனுக்கு வேண்டியிருந்தது. அதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. ஆறே முக்காலுக்குத் தூண்டிலைச் சுருட்டிவிட்டுப் பண்ணைக்குப் போய், தோட்டத்து நடுவில் கால் வைத்து நிற்கும் வெள்ளைப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த தெர்மாமீட்டர்களைப் பார்த்து, ஏழு மணிக்குச் சரியாக அட்டையில் எழுதிவிடுவான்.

ஜனவரி ஆறாம் தேதிதான் கெட்டது. அன்று ஒரு விரால் சிக்கியது. முழங்கை நீளத்துக்கு மேலே இருக்கும். கரைவரைக்கும் வந்து, ஒரு உலுக்கு உலுக்கி, நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டது. போகும்போது அவனைத் திரும்பிப் பார்த்தது என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

பண்ணையின் பியூன் ஏசுதாசன் அதைக் கேட்டுச் சிரித்தான். "அது கெய விரால் சார், வயசானது. அதுக்கு இந்த ஏரியில எல்லா தூண்டிலும் தெரியும். நீ இன்னா பண்ணாலும் வராது, வுட்டுடு."

விட்டுவிடு என்றால் விடுகிற ஆளா தனசிங்? மறுநாளிலிருந்து அவன் ஆறே முக்காலுக்குக் கல்லை விட்டு எழுந்திருக்கவில்லை. ஏசுதாசன் தினமும் காலை ஏழு மணிக்குத் தாம்பரம் தபாலாபீசுக்குச் சைக்கிளில் கரைவழியாகத்தான் போவான். வானிலை அட்டை அவனிடம்தான் போகும். தந்தியடித்துத் தலைமை ஆபீசுக்குச் சொல்வார்கள். ஆகவே தனசிங் கல்லில் உட்கார்ந்தபடியே, தொடையில் அட்டையை வைத்து, பெட்டியைப் பார்க்காமலேயே எண்களை எழுதிக் கொடுக்க ஆரம்பித்தான். சிக்கிய கெண்டை, கெளுத்தியையெல்லாம் ஏசுதாசன் கூலியாக எடுத்துக்கொண்டான்.

எந்த எண்ணை எழுதுவது? அதிலும் ஒரு தொழில் சூட்சுமம் இருந்தது. நேற்றைய எண்ணுக்குப் பக்கத்திலேயே இன்றைய எண்ணை வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். திடீரென்று இறக்கினால் "உறுதிப்படுத்தவும்" என்று கடிதம் வரும். ஆகையால் இருபத்து மூன்று, இருபத்து மூன்றரை, இருபத்து மூன்று புள்ளி இரண்டு என்று எழுதிக்கொண்டே போனான். காற்று என்ற கட்டத்தில் "இல்லை" என்று போட்டான். அப்படி எழுதிய நாட்களில்தான் பல வருஷமாக வராத குளிர் வந்து இறங்கியது. அவன் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தான். ஏரித் தண்ணீரின்மேல் வழுக்கிக்கொண்டு வந்த வாடை அவன் இடது கன்னத்திலும் இடது காதிலும் தினமும் இரண்டு மணி நேரம் அடித்தது. மப்ளர்கூடக் கட்டவில்லை. மீன் கவனம்.

எட்டு மணிக்குப் பெட்டிக்குப் போவான். இரவின் மிகக் குறைந்த வெப்பத்தைக் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று அதில் உண்டு. அதனுள்ளே சாராயத்துக்குள் ஊசி மாதிரி ஒரு சின்னக் குச்சி கிடக்கும். குளிர் எவ்வளவு இறங்கியதோ அந்த இடத்தில் குச்சி நின்றுவிடும். ஆள் வந்து பார்க்கும்வரை காத்திருக்கும். அந்த வாரம் குச்சி பதினாறில் காத்திருந்தது, பதினாறரையில் காத்திருந்தது. ஆனால் அட்டை தபாலாபீசுக்குப் போய்விட்டதே! அட்டையில் ஒன்றும் பதிவேட்டில் இன்னொன்றும் இருக்க முடியாது. அதனால் பதிவேட்டிலும் இருபத்து மூன்றே ஏறியது. பிறகு தெர்மாமீட்டரைச் சாய்த்துக் குச்சியைப் பழைய இடத்துக்கு விடுவான். பதினாறு என்ற எண் அத்தோடு உலகத்தில் எங்கேயும் இல்லை. பத்து நாள் இப்படி நடந்தது. பதினோராம் நாள் காலையில் சொம்பைச் சந்தேகப்பட்டான்.

டாக்டர் வேதசிரோமணியின் ஆஸ்பத்திரி ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு டைப்ரைட்டிங் வகுப்புக்கு மாடியில் இருந்தது. கீழே டக்டக்கென்று அடித்துக்கொண்டிருக்க, மேலே நோயாளிகள் நாடித்துடிப்பு எகிற உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் அவனைப் பல்லைக் காட்டச் சொன்னார், விசிலடிக்கச் சொன்னார், புருவத்தைத் தூக்கச் சொன்னார். எதுவும் பாதிக்கு மேல் நடக்கவில்லை.

"பயப்படாதீங்க, பக்கவாதம் இல்ல. காதுக்குப் பின்னால எலும்புக்குள்ள ஒரு சின்னக் குழாய் இருக்கு. முக நரம்பு அது வழியாத்தான் வருது. நரம்பு வீங்கினா அங்கேயே நெரிபடும். முகம் விழுந்துடும். முக்காவாசிப் பேருக்கு மூணு வாரத்துலேருந்து மூணு மாசத்துக்குள்ள சரியாயிடும்."

"ஏன் டாக்டர் வீங்குது?"

"அதுதான் யாருக்கும் தெரியாது. குளிர்காத்துன்னு ஒரு கட்சி, ஏதோ கிருமின்னு ஒரு கட்சி. நானும் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, மூடாத கண்ணுக்கு மருந்தும் பஞ்சும் வைத்துக் கட்டி அனுப்பினார். அடுத்த புதன்கிழமை போனபோது டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் தனசிங், போன வருஷம் முழுக்க இந்தக் கேஸ் எனக்கு ஒன்பது. இந்த ஜனவரியில மட்டும் ஏழு. ஒரு எலெக்ட்ரிக் டிரெயின் மோட்டார்மேன், ஒரு பூக்காரம்மா, வெளி வராண்டாவுல படுக்கிற ஒரு காலேஜ் பையன், நீங்க... எல்லாம் ஒரே வாரம். இதை நான் சும்மா விடப் போறதில்ல. பேப்பர்ல வர்றது மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம். நம்ம பக்கத்துக் காத்து எனக்கு வேணும். உங்ககிட்டதானே அது இருக்கு? டிசம்பர், ஜனவரி ரெண்டு மாசத்துக்கும் எழுதிக் குடுங்க. நீங்களே பேஷன்ட், நீங்களே அப்சர்வர். இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்?"

தனசிங்குக்கு நாற்காலி சுட்டது. "சரி டாக்டர்" என்று அவன் வாய் சொல்லிவிட்டது. விழுந்துகிடந்த வாய்க்கு அந்த இரண்டு வார்த்தை மட்டும் எப்படித்தான் தெளிவாக வந்ததோ.

அதற்குப் பிறகு அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பண்ணையில் பதிவேட்டைத் திறப்பான், மூடுவான். ஏழு மணிக்குச் சரியாகப் பெட்டி முன்னால் போய் நிற்பான். இப்போது எண்கள் எல்லாம் உண்மை, ஆனால் யாருக்கும் தேவையில்லாத உண்மை. கட்டுக்குள்ளிருந்து கண்ணீர் தானாக வழிந்துகொண்டே இருக்கும். சைக்கிளில் போகும்போது ஏரிக்கரை வந்தால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு மிதிப்பான். சாப்பாடு இடது கன்னத்தில் தங்கிவிடும். விரலை விட்டு எடுக்க வேண்டும். வீட்டுக்குள் நடப்பான், வாசலுக்கு வருவான், மறுபடி உள்ளே போவான். "ஒரு இடத்துல உட்காரேன்டா" என்று ரத்தினபாய் கத்துவாள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சௌந்தரியின் மூச்சைத்தான் தாங்க முடியவில்லை. சாக்கு அடித்த மூன்றாம் நாள் இளைப்பு ஆரம்பித்தது. பாயில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது பாதி வாக்கியத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள் என்று உடன் வேலை செய்யும் டீச்சர் ஒருத்தி வந்து சொன்னாள். ஜன்னலைத் திறக்கலாம் என்று தனசிங் எழுந்தால் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள்.

"எனக்கு வந்தா மாத்திரை போட்டா போயிடும். உங்க முகம் திரும்ப வரணும்." காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவன் முன்னால் வந்து உட்கார்வாள். "எங்க, சிரிங்க." அவன் சிரிப்பான். வலது பக்கம் மட்டும் ஏறும். அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போவாள். தினமும் இது நடந்தது. தினமும் அவன் சொல்லவில்லை.

இப்படி ஒரு கோழையை எங்கே போய்த் தேடுவது? சொன்னால் வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, பதினாலு வருஷமாகத் தெரு முழுக்க நம்பிய மனுஷன் ஒரு மீனுக்காகப் பொய் எழுதினான் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம். பெண்டாட்டி இழுத்து இழுத்து மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே ஒரு மனுஷன் தன் மானத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி பதிவேட்டில் இருந்ததை அப்படியே இரண்டு தாளில் நகல் எடுத்து டாக்டரிடம் கொடுத்தான். கொடுத்த கையோடு படியிறங்கிவிட்டான்.

சனிக்கிழமை டாக்டரே ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் கட்டம் போட்ட தாள் ஒன்று விரித்திருந்தது. சிவப்பு மையில் கோடு. கோட்டின்மேல் நோயாளிகளுக்குப் புள்ளிகள். புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் கும்பலாக இருந்தன. கோடு மட்டும் ஆடாமல் அசையாமல் தரைமாதிரி நேராகப் போயிற்று.

"பாருங்க" என்றார் டாக்டர். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஏழு பேருக்கும் முகம் விழுந்த வாரம் குளிரே இல்ல! இருபத்து மூணுக்குக் கீழ இறங்கவே இல்ல. காத்தும் இல்ல. மீனம்பாக்கத்துல இறங்கியிருக்கு, நம்ம பக்கம் இறங்கல. ஆக, குளிருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு ஆகுது. எனக்கே அந்த வாரம் குளிர்ற மாதிரிதான் இருந்தது, ஸ்வெட்டர் போட்டேன். உடம்பு சொல்றதை நம்பக் கூடாது மிஸ்டர் தனசிங், தெர்மாமீட்டர் சொல்றதைத்தான் நம்பணும். வர்ற வெள்ளிக்கிழமை டாக்டர்கள் கூட்டத்துல பேசப் போறேன். அந்த மோட்டார்மேன்கிட்டகூட நேத்து சொல்லிட்டேன், மப்ளரை எல்லாம் தூக்கிப் போடுய்யா, தைரியமா ஜன்னலைத் திறந்து வெச்சு ஓட்டுன்னு."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க சம்சாரம் தன்னாலதான்னு மனசு உடைஞ்சுபோயிருக்காங்கன்னு சொன்னீங்களே. இந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்க. ஜன்னல் நிரபராதி."

மாடிப்படி இறங்கும்போது தனசிங் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தான். வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. ஜன்னல் விடுதலையாகிவிட்டது. சௌந்தரி மூச்சு விடலாம். ஏரி, விரால், கல், எதையுமே சொல்ல வேண்டியதில்லை. பொய் தானாக நடந்துபோய் ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிட்டு வந்திருக்கிறது. இப்படி எண்ணிக்கொண்டே லெவல் கிராசிங்கில் நின்றவன், கேட் திறந்து எல்லாரும் போன பிறகும் நின்றுகொண்டிருந்தான். எலெக்ட்ரிக் டிரெயின் ஒன்று கடந்து போயிருந்தது. அதை ஓட்டியவர் கழுத்தில் மப்ளர் இருந்ததா என்று அவனால் பார்க்க முடியவில்லை.

அன்று அவன் தாளைக் காட்டவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சௌந்தரிக்குக் கோயிலுக்கு நடக்க முடியவில்லை. ரத்தினபாய் மட்டும் போனாள், ஆராதனை முடிந்து பெண்கள் சங்கக் கூட்டமும் இருந்ததால் ஒரு மணிக்கு முன்னால் திரும்ப மாட்டாள். வீட்டில் இருவரும் தனியாக இருந்தார்கள். சாக்கு அடித்த அறையில் பகல் பதினோரு மணிக்கே விளக்கு எரிந்தது. தனசிங் தாளை விரித்தான். டாக்டர் சொன்னதை எல்லாம் ஒப்பித்தான். ஜன்னல் நிரபராதி என்பதையும் சொன்னான்.

சௌந்தரி தாளை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிள்ளைகளின் கணக்கு நோட்டைப் பார்ப்பது போல விரலை வைத்துத் தேதி தேதியாக நகர்த்தினாள்.

"பதினாறாந் தேதி இருபத்து மூணு புள்ளி ரெண்டா?"

"ஆமா."

"பதினாலாந் தேதி?"

"இருபத்து மூணரை."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் தேங்காய் எண்ணெய் போத்தல் இருந்தது. அதை அவன் முன்னால் வைத்தாள். இப்போது எண்ணெய் தெளிவாக, தண்ணீர் மாதிரி இருந்தது.

"அந்த வாரம் முழுக்க இது கல்லு" என்றாள், நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. "மதினி கத்தியால குத்தி எடுத்தாங்க. பதினாறாந் தேதி பகல் வரைக்கும் வெயில்ல வெச்சும் நடுவுல கரையல. நான் ஸ்கூலுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமத்தான் போனேன். இருபத்து மூணுல லேசா வெளுக்கும், இப்படிக் கல்லாகாதுங்க. போன வருஷமும் பார்த்திருக்கேன், முந்தின வருஷமும் பார்த்திருக்கேன்."

தனசிங் போத்தலைப் பார்த்தான். பதினாறு என்ற எண் உலகத்தில் எங்கேயும் இல்லை என்று நினைத்திருந்தானே, அது அவன் வீட்டு அடுக்களை அலமாரியிலேயே உட்கார்ந்திருந்தது.

அவன் ஒன்றும் பேசாததைச் சௌந்தரி வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"எனக்காகவா?" என்றாள். "பதினாலு வருஷத்துல ஒரு புள்ளி மாத்தி எழுதினதில்லையே நீங்க. புயலன்னிக்கும் இடுப்பளவு தண்ணியில போய்ப் பார்த்துட்டு வந்தீங்களே. நான் அழறேன்னு... எம்மேல பழி வரக் கூடாதுன்னு... பொய்யா எழுதிக் குடுத்தீங்களா?"

கையை நீட்டி அவனுடைய விழுந்த கன்னத்தைத் தொட்டாள். அந்தக் கன்னத்தில் தொடுவது தெரிந்தது, அசைக்கத்தான் முடியாது. அவள் முகம் மலர்ந்திருந்தது. அப்படி ஒரு முகத்தைக் கல்யாணமான புதிதில் பார்த்தது. இனி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும். சாக்கு கழன்றுவிடும், மூச்சு வந்துவிடும், அவள் சாகும்வரைக்கும் அவனை இப்படியே பார்த்துக்கொண்டிருப்பாள். வேறு எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும் இது?

அவனால் முடியவில்லை. வசவைத் தாங்கியிருப்பான், அந்தக் கையைத் தாங்க முடியவில்லை.

"உனக்காக இல்ல சௌந்தரி."

"பின்னே?"

"மீனுக்காக."

அவளுக்குப் புரியவில்லை. அவன் சொன்னான். ஏரிக்கரை, கல், விரால், தொடையில் வைத்து எழுதிய அட்டை, சாய்த்துவிட்ட குச்சி, ஒன்று விடாமல் சொன்னான். பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று. போனதைத் திரும்பவும் சொன்னான். அவள் கை அவன் கன்னத்திலிருந்து எப்போது இறங்கியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"காத்து எந்தப் பக்கம் அடிச்சுது?" என்று கேட்டாள்.

"வடக்கே. நான் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன். இந்தக் கன்னத்துல."

"எத்தனை நாள்?"

"பத்து நாள். தினமும் ரெண்டு மணி நேரம். அதனாலதான் வந்துதா, வேற எதாலயாவது வந்துதா, டாக்டருக்கே தெரியாது. ஆனா ஜன்னலால இல்ல. மேற்கு ஜன்னல்ல வாடை நுழையாது."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முத நாளே."

சௌந்தரி எழுந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அவன் உதவிக்கு எழுந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். சாக்கின் ஓரத்தை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து தரையில் விழுந்தன. பள்ளிக்கூடச் சுண்ணாம்புக் கட்டி பிடிக்கிற அந்த மெலிந்த கைகளுக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ. கதவைத் தள்ளித் திறந்தாள். கிணற்றடி வெளிச்சம் மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெளியே வைத்து, மூச்சை இழுத்தாள். நெஞ்சுக்குள் ரம்பம் ஓடியது. மறுபடி இழுத்தாள். மறுபடி. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது.

திரும்பாமலேயே பேசினாள்.

"நாளைக்குக் காலையில முதல்ல டாக்டர்கிட்ட போறீங்க. அந்த ரயில்காரர் மப்ளரைக் கழட்டிட்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் உங்க ஆபீசுக்கு எழுதுங்க."

"வேலை போயிடும் சௌந்தரி."

"போகட்டும்."

பிறகு திரும்பி அவனைப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தான். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதினெட்டு நாளா நான் மூச்சு விடலங்க" என்றாள். "நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தீங்க."

அவனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, கண்களை இறுக்கி மூடினான். வலது கண் மூடிக்கொண்டது. இடது கண் மூடவில்லை. கட்டு எப்போதோ நழுவியிருந்தது. அந்தக் கண் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது.